நீ கொடுத்த தேக்கு நிலை

“போடா கயிதே. எல்லாத்துக்கும் நீ குடுத்த நிலைதான்டா காரணம். நானா வந்து கேட்டேன்? ‘தேக்கு மச்சான், சொம்மா வருது, எடுத்துக்கினு போ’ன்னு என் தலையில கட்னது யாரு? இப்ப மேல குந்திகினு எனக்கு இன்னா தெரியும்னு மூஞ்சிய வெச்சிகினா உட்ருவனா?”

இப்படிக் கத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எதிரே யாரும் இல்லை. காலி வீட்டில் என் குரல் சுவரில் பட்டுத் திரும்பி என்னையே திட்டியது. நீ உயிரோடு இருந்த காலத்திலும் இதே கதைதான். சண்டையில் நான் நல்ல வார்த்தையாக ஒன்றைத் தேடி எடுத்து வீசப்போகும் நேரம் பார்த்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிடுவாய். “மீதிய செவுத்துக்கு சொல்லு மச்சான்” என்பாய், திரும்பிப் பார்க்காமலே. சரி. செவுத்துக்குத்தான் சொல்கிறேன். இன்றைக்கு விட்டால் அதுவும் கிடைக்காது.

அம்பத்தூர் வீட்டை நாளை காலை இடிக்கிறார்கள். என் பையன் பில்டரோடு பேசி முடித்துவிட்டான். இந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறது. சாமான் எல்லாம் கோவில்பதாகையில் வாடகை வீட்டுக்குப் போயாயிற்று. இங்கே மிச்சம் இருப்பது நான், உன் தங்கச்சி, ஒரு பிளாஸ்க் டீ, சுவரில் ஆடும் ஒரு காலண்டர், அப்புறம் உன் சம்மட்டி. காலண்டர் தாளைக் கிழித்து அதன் முதுகில்தான் இதை எழுதுகிறேன். என் எதிரே, கூடத்துக்கும் பின் அறைக்கும் நடுவில் இருக்கும் நடையில், நீ கொடுத்த வாசல் நிலை குப்புற விழுந்து கிடக்கிறது. சுண்ணாம்புத் தூசியின் வாசனை இன்னும் போகவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும்தான் உன்மேல் இவ்வளவு கோபம் வந்தது. நாம் இரண்டு பேரும் சோறு தின்றபோதும் தூங்கியபோதும் நம்மோடே இருந்த வாசனை அது. என் கல்யாணத்தன்று கூட, மாலை போட வந்த நீ அந்த வாசனையோடுதான் வந்தாய்.

நிலை எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். அவசரப்படாதே. நடுவில் எழுந்து போனால் உதைப்பேன்.

வீட்டை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஓர் ஆசை வந்தது. ஜேசிபி வந்து தும்பிக்கையை நீட்டுவதற்கு முன்னால் முதல் அடியை நான் அடிக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஊரான் வீட்டையெல்லாம் உடைத்தவன். என் வீட்டை எவனோ வண்டியில் உட்கார்ந்து பீடி பிடித்தபடி தள்ளிவிட்டுப் போவதா? உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்:

“எங்கண்ணன வாரி எடுத்த கையி இது. உன்னையும் வார சொல்றியா?”

நம் வழக்கத்தைத்தான் எனக்கு ஞாபகப்படுத்தினாள்.

நம் வேலையில் ஒரு வழக்கம் இருந்ததே, தான் குடியிருந்த வீட்டைத் தான் இடிக்கக் கூடாது என்று. யாராவது பாவம் புண்ணியம் என்று ஆரம்பித்தால் நீ சிரிப்பாய். “பாவமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. காலு பேச்சு கேக்காது மச்சான், அவ்ளோதான்” என்பாய். ஊரான் வீட்டில் ஏறும்போது கால் பயந்து பயந்து போகும். எது இருக்கிறது, எதை உடைத்துவிட்டோம் என்று ஒவ்வொரு அடிக்கும் நம்மைக் கேட்டுக்கொண்டு போகும். சொந்த வீட்டில் அது யாரையும் கேட்காது. தூக்கத்தில் நடக்கிறவன்போல் அதுபாட்டுக்குப் போகும். இதையெல்லாம் எனக்கு விளக்கிச் சொன்னவன் நீ. சொல்லிவிட்டு நீயே போய்ச் செய்தாய் பார், அந்தத் திமிருக்குத்தான் உன்னை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வேலை ஆரம்பிக்கும் நாளில் நீ பண்ணும் கூத்தை நினைத்துக்கொண்டேன். ஆட்கள் எல்லாரும் கடப்பாரையோடு வெளியே காத்திருக்க, நீ மட்டும் காலி வீட்டுக்குள் போவாய். அங்கே குடியிருந்தவன் மாதிரியே நடப்பாய். வாசலில் செருப்பைக் கழற்றுவாய். இல்லாத குழாயைத் திறந்து காலைக் கழுவுவாய். இல்லாத கட்டிலைச் சுற்றிப் போய் இல்லாத ஜன்னலைச் சாத்துவாய். நான் வெளியே நின்று, “மாப்ள, காபி எடுத்தாரட்டா?” என்று கத்துவேன். “ஊட்ட கண்ணால பாக்காத. காலால பாரு” என்பாய்.

ஆவடியில் ஒரு வீட்டின் சமையல்கட்டுக்குள் போய்விட்டு வெளியே வந்து சொன்னாய்: “இந்த ஊட்ல மாமியாரும் மருமவளும் நாறடிச்சிகினு இருந்திருப்பாளுங்க. அடுப்பாண்ட ஒருத்தி நின்னா இன்னொருத்தி அவ முதுவ தேச்சிகினுதான் உள்ள போவணும். தெனம் நாலு வாட்டி முதுவ தேச்சா எவளுக்குத்தான் வெறி வராது?” வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பெரிய வீடு. பந்தியே போடலாம், அப்படி ஒரு கூடம். அதன் சிவப்புத் தரை நடுவில் கண்ணாடிபோல் இருந்தது. நாலு சுவர் ஓரத்திலும் மட்டும் சாயம் போய்த் தேய்ந்திருந்தது. நீ அந்த ஓரத்திலேயே ஒரு சுற்று நடந்தாய். “நடுவுல எவனோ ஒர்த்தன் குந்தினு இருந்திருக்கான். மீதி பேரு செவுத்த ஒட்டிகினே போய் வந்திருக்காங்கோ” என்றாய். சிரித்தபடிதான் சொன்னாய். ஆனால் அன்றைக்கு முதல் அடியை அந்தக் கூடத்தின் நடுவில்தான் போட்டாய். தரையை முதலில் உடைப்பது எந்த ஊர் வழக்கம்?

அடிக்க ஆரம்பித்துவிட்டால் நீ மனுஷனே இல்லை. ஐந்தடி உடம்பு, அதில் பாதி தோள். சம்மட்டி பின்னால் போகும்போது ஒரு மூச்சு, சுவரில் இறங்கும்போது ஒரு கெட்ட வார்த்தை. செங்கல் சில்லு கன்னத்தைக் கிழிக்கும், உள்ளங்கை வெடித்து ரத்தம் பிடியில் வழியும், நீ துடைக்க மாட்டாய். வீடு விழும்போது தெருவே பயந்து கதவைச் சாத்தும். நீ மட்டும் அந்தப் புழுதிக்குள் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருப்பாய்.

அப்படிப் பல்லைக் காட்டுகிற உன்னிடம்தானே ஒருநாள் என் பல் போனது. ஆவடி லைன் வீடு, எதிரும் புதிருமாக அறைகள், நடுவில் இருட்டு நடை. ஒவ்வொரு வாசலிலும் நீ தலையைக் குனிந்து, இடது தோளைக் காதுவரை தூக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நுழைவதை நான் அன்றுதான் கவனித்தேன். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“ஏன்டா, இருக்கறதே அஞ்சடி. ஆறரை அடி வாசலுக்கு இன்னாத்துக்கு குனியற? வானம் இடிக்குதா? நண்டு மாரி போறியே, ஆத்துக்காரன் எவனாச்சும் புட்சிகினு போய் கொழம்பு வெச்சிரப்போறான்!”

கூலி ஆட்கள் சிரித்தார்கள். நீ சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு என்மேல் பாய்ந்தாய். அந்த நடையில் கையை ஓங்க இடம் கிடையாது. முழங்கை பின் சுவரில் இடிக்கும். காலைத் தூக்கினால் எதிர்ச் சுவரில் இடிக்கும். அதனால் இரண்டு பேரும் ஆட்டுக்கடாபோல் தலையால் முட்டிக்கொண்டோம். நான் உன் காதைக் கடித்தேன். நீ என் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினாய். வெட்டவெளியில் சண்டை போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு குத்து விட்டுப் பிரிந்திருப்போம். அந்தச் சந்து நம்மைப் பிரிய விடவில்லை. என் முன்பல் அந்த வீட்டு ஜல்லியோடு லாரியில் போனது.

பிறகு குப்பைமேட்டில் உட்கார்ந்து, பொந்து விழுந்த என் வாயில் உன் துண்டை அடைத்துவிட்டு, தரையைப் பார்த்தபடி சொன்னாய்:

“எங்கப்பன் நிலையாண்டதான் மச்சான் குந்தினு இருப்பான். இரும்பு நாற்காலி. நிலையில ஆணி, ஆணியில பெல்ட்டு. உள்ள போனாலும் ஒண்ணு உழும், வெளிய வந்தாலும் ஒண்ணு உழும். காரணம்லாம் கெடையாது. கை எட்ற தூரத்துல போனா அடி. அதான் காத பொத்திகினு, சைடு வாங்கிகினு, உட்டு ஓடிறணும்.”

“அட்ச்சவன் அங்க கீறான். ஊரான் ஊட்ல இன்னாத்துக்குடா குனியற?” என்றேன், துண்டுக்குள்ளிருந்து.

“நானா குனியறேன்? அதுவா குனியுது” என்றாய்.

அப்புறம் சிரித்தாய். பல்லுக்கு என்ன வேண்டும் என்று கேட்டாய். உன் தங்கச்சியைக் கொடு என்றேன். வெறும் வாய்வார்த்தைக்கு மச்சான் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவனை நிஜ மச்சானாக்கிவிட்டாய். ஒரு பல்லுக்கு ஒரு பெண் கொடுத்த குடும்பம் உங்களுடையது.

மாப்பிள்ளையாகப் பூந்தமல்லி வீட்டுக்கு வந்தபோது நானும் அந்த நிலையைப் பார்த்தேன். பச்சை பெயின்ட். ஓரத்தில் இரும்பு நாற்காலி. அதில் உங்கப்பன். கிழடாகிவிட்டான், கை நடுங்கும். இருந்தாலும் அவனைத் தாண்டிப் போகும்போது எனக்கே உடம்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. உன் தங்கச்சியிடம் அன்று கேட்டேன், உன்னையும் அடித்தானா என்று. “அண்ணன்தான் வாங்கிகினான்” என்றாள். நானும் நம்பிவிட்டேன்.

அவன் செத்த பிறகு வீடு கைமாறியது. வாங்கினவன் மனையாகக் கேட்டான். இடிக்கிற வேலையை நீ எடுத்தாய். “வாணாம்டா, வேற ஆளு பாத்துக்குவாங்கோ” என்றேன். “இத்தினி வருசமா இன்னாத்துக்கு சம்மட்டி அட்ச்சேன்னு நெனச்ச? இந்த ஊட்டுக்குத்தான் கை பழகிகினு இருந்தேன்” என்றாய். அதற்குமேல் உன்னோடு பேச முடியுமா?

அன்றைக்கு மட்டும் நீ உள்ளே நடந்து பார்க்கவில்லை. நேரே போய்க் கடப்பாரையை விட்டு அந்த நிலையைப் பெயர்த்தாய். தூக்கி என் காலடியில் போட்டாய். அப்போதுதான் சொன்னாய், தேக்கு மச்சான், எடுத்துக்கினு போ என்று. “உனக்கு வாணாமா?” என்றேன். “எனக்கு இன்னாத்துக்கு அந்தாளு?” என்றாய். நிலையை ஆள் என்று சொன்னாய் பார், அங்கேயே நான் சுதாரித்திருக்கணும். எனக்கு மரம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

அப்புறம் படிக்கட்டை உடைக்கப் போனாய். எந்த இடிப்புக்காரனும் செய்யாத வேலை. மரத்தை எடுப்போம், மேல்தளத்தை எடுப்போம், சுவரை எடுப்போம். படி கடைசிவரை நிற்கும், நாம் இறங்கி வர வேண்டுமே.

“படியே மொதல்ல எடுத்துட்டு எப்டிடா எறங்குவ?”

“ஏணி கீது.”

“அறிவுகெட்டவனே, ஒரு நா பொறு.”

“எங்கம்மாவ எட்டி ஒதச்சி உருட்டி உட்டது இதுலதான். இது நிக்கறப்ப நான் மேல நிக்க மாட்டேன். நவுரு.”

நகரவில்லை. உன் கையைப் பிடித்தேன். நீ சம்மட்டியை என் தலைக்கு நேராக ஓங்கினாய். கண்ணில் நான் இல்லை, வேறு எவனோ இருந்தான். நகர்ந்துவிட்டேன். நீ மேலிருந்து கீழே ஒவ்வொரு படியாக உடைத்தாய். ஒவ்வொரு அடிக்கும் உங்கப்பன் பேரைச் சொன்னாய். கம்பி கிழித்து முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. கடைசிப் படி விழுந்தபோது நீ சுவரில் சாய்ந்து ஒரு குழந்தைபோல் விக்கி அழுதாய். ஆட்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பிறகு தெருப்பக்கம் மூங்கில் ஏணியைச் சாய்த்து, நீயும் நானும் மொட்டைமாடிக்கு ஏறினோம்.

மத்தியானத்துக்குமேல் உன் தங்கச்சி தூக்குவாளியில் டீயோடு வந்தாள். மேலே நின்ற உன்னைப் பார்த்துக் கேட்டாள், “அண்ணா, எனக்கும் ஒரு அடி குடேன்.”

“தூசி பாப்பா. நீ அப்பால போய் டீய ஊத்து” என்றாய்.

அவள் உள்ளே போனாள். முன்பு சமையல்கட்டு இருந்த மூலையில் உட்கார்ந்து டம்ளர்களில் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும் கூப்பிட்டாள். சின்ன வயதில் அந்த வீட்டில் எந்த இடத்திலிருந்து கூப்பிட்டிருப்பாளோ அதே இடம், அதே ராகம்:

“அண்ணா... டீ!”

அந்த வீட்டில் கூப்பிட்டதும் இறங்கி வராதவனுக்கு என்ன கிடைக்கும் என்று உன் காலுக்குத் தெரியும். நான் ஏணிப்பக்கம் நின்றிருந்தேன். நீ சம்மட்டியைப் பதமாகக் கீழே வைத்தாய். திரும்பினாய். ஏணிப்பக்கம் வரவில்லை. படிக்கட்டு வாய்க்குப் போனாய். வழுக்கவில்லை, தடுக்கவில்லை, தயங்கவும் இல்லை. இடது காலை எடுத்து, காலையில் நீயே உடைத்துத் தள்ளிய முதல் படியின்மேல் வைத்தாய். அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனுஷன் கால் வைத்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. நீ உடைத்த படிகளின் குவியலிலேயே, கம்பிகளுக்கு நடுவில் கிடந்தாய். தலையைத் தூக்கி என் முழங்கையில் வைத்தேன். நிற்கவில்லை, தொங்கியது. உன் தங்கச்சி டம்ளரைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். கூட்டம் கூடிய பிறகும் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. நான்தான் விரலைப் பிரித்து வாங்கினேன்.

அதற்குப் பிறகு இந்த இருபது வருஷத்தில் அவள் யாரையும் குரல் கொடுத்துக் கூப்பிட்டதில்லை. உனக்கு இது தெரியாது. சோறு தயார் என்றால் கரண்டியால் சுவரில் தட்டுவாள். டீ என்றால் டம்ளரால் தட்டுவாள். நான் மாடியில் இருந்தால் ஏறி வந்து தோளைத் தொடுவாள். “இன்னாடி, ஊமச்சியா நீ? நாலு ஊட்டுக்கு கேக்கறாப்ல கத்துடி” என்று கிண்டல் பண்ணுவேன். கண்டுகொள்ள மாட்டாள். பேரப்பிள்ளைகளும் அவளைப் பார்த்துத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். எங்கள் வீடு தச்சுப்பட்டறை மாதிரி எப்போதும் டொக் டொக்கென்று இருக்கும்.

நீ கொடுத்த நிலை ரொம்ப நாள் கொல்லையில் கிடந்தது. பின் அறை கட்டியபோது, பெயின்ட்டைச் சுரண்டி, வார்னிஷ் அடித்து வைத்தேன். நாமெல்லாம் உடைத்த வீட்டுச் சாமானில்தானே வீடு கட்டிக்கொண்டோம்? வாசக்கதவு வேலப்பன்சாவடி வீட்டுடையது, ஜன்னல் மாங்காட்டு வீட்டுடையது. இது பூந்தமல்லி. மரம் மரம்தானே? உன் தங்கச்சி ஒருமுறை பார்த்தாள். “அது இன்னாத்துக்கு?” என்றாள். “தேக்குடி” என்றேன். “சரி” என்றாள். அண்ணன் நினைப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம்தான் அவள் பின் அறைக்குள் போகும்போது பக்கவாட்டில் திரும்பிப் போக ஆரம்பித்தாள். முட்டிவலி என்றாள். நானும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், தைலம் வாங்கித் தேய்த்துவிட்டேன். தேய்க்கிறபோது சும்மா தேய்ப்பேனா? “அண்ணனும் நண்டு, தங்கச்சியும் நண்டு. குடும்பத்தையே கொழம்பு வெக்கலாம்” என்பேன். அவளும் சிரிப்பாள். அவளுக்கே தெரியாது மச்சான். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கே தெரியாது.

இன்றைக்குக் காலையில் நடந்ததற்கு வருகிறேன். எழுந்துவிடாதே.

பரணில் கோணியில் சுற்றி வைத்திருந்த உன் சம்மட்டியை எடுத்தேன். நான் அதைத் தேடித்தான் வருகிறேன் என்று மோப்பம் பிடித்து உன் தங்கச்சியும் பிளாஸ்கோடு பின்னாலேயே வந்துவிட்டாள். பின் அறையில் ஏதோ மறந்துபோன துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் நடையில் நின்று பிடியைத் தடவிப் பார்த்தேன். உன் கை தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. அதில் என் கை உட்கார்ந்ததும் ஓர் உற்சாகம். அவளை வெறுப்பேற்றலாம் என்று தோன்றியது.

“ஏய், பாத்துக்கோ, மொத அடி உன் புருசன் அடி!” என்று கத்திக்கொண்டு சம்மட்டியைத் தோளுக்குமேல் தூக்கினேன். அடிக்கும் எண்ணமில்லை. வெறும் வித்தை காட்டினேன்.

தடுக்க அவள் ஓடி வந்தாள். நிலைக்குள் நுழைந்தவள் தூக்கிய என் கையைப் பார்த்தாள். அவ்வளவுதான். தலை குனிந்தது. இடது தோள் காதுவரை ஏறியது. உள்ளங்கை காதைப் பொத்தியது. உடம்பு பக்கவாட்டில் திரும்பி நிலையோடு நிலையாக ஒட்டிக்கொண்டது. எழுபதை எட்டப்போகும் கிழவி மச்சான். நரைத்த கொண்டை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். ஒரு நாளும் அவள்மேல் கை ஓங்கியவன் இல்லை நான். அது அந்த உடம்புக்குத் தெரியவில்லை. நிலைக்கு நடுவில் அவள் நிற்கிறாள், எதிரே ஓங்கிய கை. அதற்கு அது போதும்.

சம்மட்டியைக் கீழே இறக்கினேன். உங்கப்பன் நாற்காலி போட்ட இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். தன் கை காதில் இருப்பதைப் பார்த்தாள். “நான் இன்னாய்யா பண்ணேன்?” என்று கேட்டாள்.

எனக்கு வாயில் அந்த நண்டுக் கிண்டல் வரவில்லை. “ஒண்ணும் பண்ல” என்றேன்.

அவள் கையை எடுத்து அந்தத் தேக்கைத் தடவினாள். வார்னிஷுக்கு அடியில் ஆணி அடித்த ஓட்டை இருக்கிறதே, நான் மெழுகு வைத்து அடைத்தது, அங்கே விரல் தானாகப் போய் நின்றது.

“அண்ணன்தான் வாங்கிகினான்னு சொன்னேன் இல்ல? அவன் ஊட்ல இருக்கறப்ப அவன் வாங்கிகினான். அவன் வேலைக்கு போன நாள்ல யாரு வாங்கறது?”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். “குடு அத்த.”

“ஏய், உனக்கு தூக்க முடியாதுடி.”

“அன்னிக்கு அவன் குடுக்கல. நீயாச்சும் குடு.”

“தான் குடியிருந்த ஊட்ட தான் இடிக்கக் கூடாதுடி. நீதான சொன்ன?”

“இது எங்கய்யா நம்ம ஊடு? இது எங்கப்பன் ஊடு” என்றாள்.

கொடுத்தேன். தோளுக்குமேல் தூக்க அவளால் முடியவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கவிட்டு, ஊஞ்சல் ஆட்டுவதுபோல் ஆட்டி அடித்தாள். தேக்கு ‘ணங்’கென்று திருப்பி அடித்தது. அவள் பின்னால் தள்ளாடினாள். மறுபடி அடித்தாள். நீ சொல்லும் அதே கெட்ட வார்த்தை. அவள் வாயில் அது இருந்ததே எனக்குத் தெரியாது. மரத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை. தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழ, மூக்கு ஒழுக, அடித்துக்கொண்டே இருந்தாள். பிடியில் ரத்தம் பார்த்தேன். நிறுத்தலாமா என்று நினைத்தேன். உன்னைத் தடுக்க வந்து நகர்ந்துவிட்டேனே, அது ஞாபகம் வந்தது. இந்தத் தடவை தடுக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

“மரத்த அடிக்காதடி. அது சாவாது. பக்கத்துல செவுத்த அடி, அதுவா உழும்” என்றேன்.

சுவரில் விழுந்த அடி உள்ளே போனது. காரை கொட்டியது. செங்கல் ஒன்று பெயர்ந்தது, இன்னொன்று. நான் கடப்பாரையை எடுத்து அவள் உண்டாக்கிய பொந்தில் விட்டு நெம்பினேன். கீச்சென்று ஒரு சத்தம். நிலை முதலில் சாய்ந்தது, யோசித்தது, பிறகு குடித்தவன் விழுவதுபோல் முழு நீளத்துக்கும் நடையில் குப்புற விழுந்தது. வீடே ஒருமுறை குலுங்கியது. தூசியில் கொஞ்ச நேரம் அவள் எங்கே, நான் எங்கே என்று தெரியவில்லை.

தூசி அடங்கியதும் பார்த்தேன். சுவரில் கோணல்மாணலாக ஒரு பெரிய ஓட்டை. அவள் அதன் எதிரே நின்றாள். சம்மட்டியைக் கீழே போட்டாள். விழுந்து கிடந்த மரத்தின்மேல் கால் வைத்து ஏறி, நேராக நடந்தாள். நேராக என்றால் நெஞ்சு முன்னால் போக, இரண்டு தோளும் ஒரே மட்டத்தில், கை இரண்டும் பக்கத்தில் வீசி. உள்ளே போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். நடை பழகும் குழந்தைபோல் ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் கை தட்டினேன். அறைந்துவிடுவேன் என்பதுபோல் முறைத்தாள்.

இதைத்தான் மச்சான் உன்னிடம் கேட்கிறேன். தோளில் சுமந்த ஆளை இறக்கி என் வீட்டில் வைத்துவிட்டு நீ போய்விட்டாய். பக்கத்தில் நின்று கேட்டாளே பாப்பா, அன்றைக்கே ஓர் அடி கொடுத்திருந்தால் குறைந்தா போயிருப்பாய்? இருபது வருஷம்டா. நாளைக்கு ஜேசிபி வரட்டும். எனக்கு முதல் அடியும் வேண்டாம், கடைசி அடியும் வேண்டாம். சம்மட்டியை மட்டும் கோவில்பதாகைக்கு எடுத்துக்கொண்டு போகிறேன். இப்போது அந்தப் பிடியில் உன் ரத்தத்தோடு அவள் ரத்தமும் இருக்கிறது. வாடகை வீட்டில் வாசலெல்லாம் அகலம், பயப்படாதே. ஆனால் ஒன்று சொல்கிறேன் கேள். நேற்று அங்கே போனபோது, குளியலறை வாசலில் எனக்கே தோள் லேசாக...

“இந்தாய்யா... டீ!”

கேட்டாயா? தட்டவில்லை மச்சான். பின் அறையிலிருந்து தொண்டையைத் திறந்து கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டு நாய்கூட எழுந்துவிட்டது. இரு, நான் இன்னும் முடிக்கவில்லை. அந்தக் குளியலறையில் என்ன நடந்தது என்றால், ஏய், எங்கே எழுந்துவிட்டாய்? துண்டை ஏன் உதறுகிறாய்? என்னைத்தான்டா கூப்பிட்டாள், உன்னை இல்லை. சரி, போய்த் தொலை. கொஞ்சம் பார்த்துப் போ, அங்கே படி...